வாயால் போட்ட மார்க்

லிப்ட் வேலை செய்யவில்லை என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மன்னியுங்கள் அம்மா. நான்கு மாடி ஏறி வந்திருக்கிறீர்கள். நாளைக்குக் காலையில் கீழ்வீட்டுக்காரரிடம் இதை ஒன்பது மாடி என்று சொல்வேன். நாடகக் கல்லூரி முதல்வரே மூச்சு வாங்க ஒன்பது மாடி ஏறி என்னைப் பார்க்க வந்தார் என்பேன். இந்தக் கட்டடத்துக்கு ஐந்து மாடிதான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் காது கொடுத்துக் கேட்பார். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேண்டும். உப்பில்லாத சாப்பாட்டை டாக்டருக்குப் பயந்து சாப்பிடுகிறேன். உப்பில்லாத பேச்சை மட்டும் யாருக்குப் பயந்தும் என்னால் பேச முடிந்ததில்லை.

பதிவு செய்யப் போனை வைத்துவிட்டீர்களா? இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையுங்கள். இந்த மின்விசிறி பாதிப் பேச்சைத் தின்றுவிடும்.

நீங்கள் கேட்க வந்ததை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். கல்லூரியில் இப்போது மாணவர்களுக்கு மார்க் போடுகிறீர்கள், ஆனால் காட்டுவதில்லை. காட்டுங்கள் என்று மாணவர்கள் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடிப்புக்கு ஏது மார்க், அந்தச் சனியனையே எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். அந்தக் காலத்து வழக்கமே நல்லது என்கிறார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஆசிரியர் மாணவரைத் தனியாக உட்காரவைத்து, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை வாயால் பக்குவமாகச் சொல்வார். அந்த வேலையை வருஷக் கணக்காகச் செய்தவன் நான். என்னிடம் சேதி கேட்டவர்கள் இன்றைக்கும் என்னைப் பிரியமாக நினைவு வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பக்குவத்தை நான் வந்து புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். அறைக்கு என் பட்டப்பெயரையே வைத்து, தபால்காரர் அறை என்று பலகை மாட்டலாம் என்று பேச்சு இருப்பதாகவும் சொன்னீர்கள்.

கேட்டதும் உள்ளே குளுகுளுவென்றுதான் இருந்தது. அப்புறம்தான் வியர்த்தது.

என் கருத்தைச் சொல்கிறேன். ஆனால் அந்தப் பக்குவம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் என் கருத்தை வைத்து நீங்கள் என்ன செய்ய முடியும்? ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். எனக்குப் பழக்கமில்லாத வேலை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய முதல்வரை நாங்கள் பெரியவர் என்போம். ஆள் என் தோள் உயரம்தான், கோபம் வந்தால் மட்டும் தலை கூரையில் இடிக்கும். மார்க் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. எண் நடிகனின் உடம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். "அம்பத்தெட்டு வாங்கினவன் மேடையில அம்பத்தெட்டாத்தான் நடப்பான். தொண்ணூறு வாங்கினவன் எதிர்ல பேசறவன் சொல்றதையே கேக்க மாட்டான்" என்பது அவர் வாதம். அது தப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. பருவத்தின் கடைசியில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒத்திகைக் கூடத்துத் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு மாணவராகப் பேசுவோம். யாரும் பேனாவைத் தொடக்கூடாது. பேசி முடித்ததும் அந்தப் பேச்சை ஒருவர் மாணவரிடம் கொண்டுபோவார். மாணவர் அதைப் பற்றி மற்ற ஆசிரியர்களிடம் கேட்கக்கூடாது, ஆசிரியர்களும் வாய் திறக்கக்கூடாது. ஒரு வாய்தான், ஒரு காதுதான். அது பெரியவரின் கட்டளை.

முதலில் குரல் ஆசிரியரைத்தான் அனுப்பினார்கள். மாணவர்கள் அவரைத் தொண்டை என்பார்கள். இளகின மனசு. உள்ளே போன மாணவன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான், தொண்டைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார். அடுத்து, அசைவு வகுப்பு எடுத்த அம்மாளை அனுப்பினார்கள். அவர் ரகசியம் சொன்னால் பக்கத்துத் தெருவில் நாய் எழுந்துகொள்ளும். கடைசியில் என்னிடம் வந்தார்கள். நான் ஒப்பனை ஆசிரியன். எனக்கு இதமான குரல், யார் அழுதாலும் கூட அழுகிற பழக்கம் இல்லை. முகங்களோடு பழகியவன் என்று பெரியவர் சொன்னார். அவர் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்லவில்லை, பாவம்.

சேதி சொல்ல எனக்குக் கொடுத்த இடம் உடுப்பு அறை. கல்லூரியிலேயே கதவு ஒழுங்காகச் சாத்துகிற அறை அது ஒன்றுதான். ராஜாக்களின் அங்கி, போலீஸ் சட்டை, கிழவிகளின் வெள்ளை முடி, எல்லாம் கூரை வரைக்கும் தொங்கும். அந்துருண்டை வாசனை ஆளைத் தூக்கும். இவ்வளவு துணிக்கு நடுவே பேசினால் சத்தம் வெளியே போகாது. உள்ளே இரண்டு நாற்காலி போட்டேன், முழங்காலுக்கு முழங்கால் எதிரெதிராக.

முதல் சில தடவை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். அப்புறம் ஒரு பையன் வந்தான். அவனைக் கொட்டாவி என்பார்கள். காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வட்டத்தில் அவனைப் பற்றி யாருக்கும் பேச ஒன்றும் இல்லை. "பரவாயில்ல. சோம்பேறி. போகட்டும்" என்றார் பெரியவர். அவ்வளவுதான் சேதி. அவனோ எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தவன் மாதிரி என்னையே பார்க்கிறான். பரவாயில்லை சோம்பேறி போகட்டும் என்பதை அந்த முகத்துக்கு எப்படிக் கொடுப்பது? "உன்னைப் பத்தித்தான்டா ரொம்ப நேரம் பேச்சு" என்று ஆரம்பித்துவிட்டேன். பெரியவருக்கும் தொண்டைக்கும் சண்டையே வந்துவிட்டது, இவனுக்குள் ஒன்று இருக்கிறது, அது தூங்குகிறது என்று பெரியவர் தரையில் அடித்துச் சொன்னார் என்றேன். கொட்டாவியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அடுத்த பருவத்தில் காவலாளி வாசலைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றான். பெரியவர் என் முதுகில் தட்டினார். "என்ன மாயம் பண்ணீங்க?" என்றார்.

அந்தத் தட்டு இன்னும் முதுகில் இருக்கிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒப்பனைக்கு வருவதற்கு முன்னால் நானும் நடிகன்தான். எனக்குக் கிடைத்ததெல்லாம் சேதி சொல்லும் வேடங்கள். ஓடி வர வேண்டும், மூச்சிரைக்க வேண்டும், அரசே, எதிரிப் படை ஆற்றைக் கடந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொல்லி முடித்த கணமே மொத்தக் கொட்டகையும் ராஜாவின் முகத்தைப் பார்க்கும். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அதுகூடப் பெரிய வருத்தம் இல்லை. என்னாலும் ராஜாவைப் பார்க்க முடியாது. தலை குனிந்து நிற்க வேண்டும் என்பது இயக்குநரின் உத்தரவு. எத்தனை ராஜாக்களுக்கு எத்தனை தோல்விகளைச் சொல்லியிருக்கிறேன். ஒரு முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

உடுப்பு அறையில் பார்த்தேன். தலை குனிய வேண்டியதில்லை. கொட்டகை முழுக்க நான் ஒருவன்தான்.

கொட்டாவியின் சேதி பலித்த பிறகு எனக்குத் தைரியம் வந்தது. சுமாரானவர்களைத் தூக்கிச் சொன்னேன். தலைக்கனம் உள்ளவர்களைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னேன். அவரவர் நன்மைக்காகத்தான் என்று வைத்துக்கொண்டேன். பலரும் உண்மையிலேயே முன்னேறினார்கள், அதை யாரும் மறுக்க முடியாது. நன்றாக நடித்த ஒரு பெண்ணிடம், உன் வகுப்புக் காட்சியின்போது இரண்டு ஆசிரியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள் என்றேன். அழுதாள். அழுகை வரும்போது முதலில் நகர்வது கண் என்றுதான் நான் அதுவரை சொல்லிக்கொடுத்து வந்தேன். இல்லை. முதலில் மூக்கின் இரு பக்கமும் லேசாக வெளுக்கும், பிறகு மேலுதடு கனக்கும், கண் அதற்கப்புறம்தான். மறுநாள் ஒப்பனை வகுப்பில் சோகக் கோடுகளை அப்படித்தான் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண்ணும் முன்வரிசையில் உட்கார்ந்து வரைந்துகொண்டாள். என் வகுப்பைப் போல உயிருள்ள வகுப்பு வேறில்லை என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் சாப்பிட உட்காரும்போது அன்றைய முகங்களை மனைவிக்கு நடித்துக் காட்டுவேன். ஆரம்பத்தில் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அந்தப் புள்ளைங்க அழுததக் காட்டும்போது உங்க கண்ணு மட்டும் சிரிக்குது. அது யாரோட கண்ணு?" என்று கேட்டாள். ஒப்பனைக்காரன் கண் அப்படித்தான் இருக்கும் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் நான் நடித்துக் காட்டினால் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். இப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும்.

நான் சொல்ல வந்தது இது எதுவும் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றி.

அவளுடைய அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அதனால் வகுப்பில் அவளுக்கு டேங்கர் என்று பெயர். ஊதினால் பறக்கிற உடம்பு, அதற்கு அந்தப் பெயர், அதுதான் வேடிக்கை. அவளும் கோபித்துக்கொண்டதில்லை, கூப்பிட்டால் திரும்புவாள். மேடையில் அவள் ஒன்றும் செய்யாமல் நின்றாலே போதும், மற்றவர்கள் செய்வதெல்லாம் அதிகமாகத் தெரியும். முதல் பருவத்தில் அவளைப் பற்றிப் பேசும் முறை வந்தபோது வட்டத்தில் எல்லோரும் பெரியவரைத்தான் பார்த்தார்கள். "இந்தப் பொண்ணுக்கு நாம ஒண்ணும் சொல்லிக்குடுக்காம இருந்தாலே பெரிய உபகாரம்" என்றார் பெரியவர். தொண்டை வழக்கம் போல மூக்கை உறிஞ்சினார்.

அதை நான் அவளிடம் கிட்டத்தட்ட அப்படியே சொன்னேன். உண்மையே அவ்வளவு உசத்தியாக இருக்கும்போது நான் எதைக் கூட்ட? சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். "சரி சார்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. சந்தோஷம் இல்லை, கூச்சம் இல்லை, இமைகூட அடிக்கவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நகைச்சுவை நடிகனைக் கேளுங்கள், மனசுக்குள் எது அறுக்கும் என்று. திட்டு வாங்குவது இல்லை. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கொட்டகை சும்மா இருப்பது. நான் அன்றைக்கு அப்படி வீட்டுக்குப் போனேன்.

அடுத்த பருவம், நீ சுமார் என்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். "சரி சார்." அதற்கடுத்தது, குரல் மூன்றாவது வரிசைக்கே வரவில்லை என்கிறார்கள் என்றேன். வட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவள் மெல்லப் பேசினால் கடைசி வரிசைக் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். இது நான் கூட்டிச் சொல்வது இல்லை அம்மா, இதை மட்டும் நம்புங்கள். அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "சரி சார், சரி பண்ணிக்கிறேன்" என்றாள்.

சரிபண்ணிக்கொண்டாள். அதுதான் விஷயம். கெடாத ஒன்றை அவள் சரிபண்ண ஆரம்பித்தாள். காலையில் கல்லூரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று கத்திப் பழகுவாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வட்டத்தில் தொண்டை குழம்பிப்போய்க் கேட்டார். "இந்தப் பொண்ணு ஏன் கத்துது? கரகரன்னு ஆயிடுச்சே. யாராவது என்னமாவது சொன்னீங்களா?" எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்துக்கொண்டேன். அந்தப் பருவம் நான் அவளுக்குச் சொன்ன சேதி முழுக்க உண்மை, குரல் கெட்டுப்போய்விட்டது என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள் என்பது. அதற்கும் "சரி சார்"தான்.

பிறகு கை. கைகளை ரொம்ப ஆட்டுகிறாய் என்கிறார்கள் என்றேன். அவள் கைகளை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு நடித்தாள். பிறகு நடை. பிறகு, முகத்தில் எதுவும் தெரிவதில்லை என்று சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் குறை வட்டத்தின் குறை அல்ல, என்னுடையது. ஒரு தடவை அவள் முகம் அசைந்திருந்தால் நான் அதோடு நிறுத்தியிருப்பேன். ஒரே ஒரு தடவை. இப்படி ஒரு கணக்கை நான் வெகுநாள் வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் அவள் தாங்கினாள் என்பதுதான் ஆச்சரியம். கடைசி வருஷ வட்டத்தில், கரகரத்த குரலோடும் ஒட்டின கையோடும், அவள்தான் முதல் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆண்டு நாடகத்தில் முதன்மை வேடம் அவளுக்கு. அதோடு கல்லூரியின் நாடகக் குழுவில் இடம், மாதச் சம்பளத்தோடு. லாரி ஓட்டுகிறவர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வருஷா வருஷம் அழ வெக்கிற வேலையே பாத்தீங்க. இன்னிக்காவது நல்ல சேதி. நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார்.

சொல்லத்தான் போனேன். நல்ல சேதியை எப்படி ஆரம்பிக்கலாம் என்று நடைபாதையில் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

நான் உட்காருவதற்கு முன்னாலேயே அவள் பேசிவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவளாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"என்னைப் பாவம் பாத்துத்தான் வெச்சிருக்காங்களா?"

கேட்கும்போது அவள் தாடை லேசாக நடுங்கியது. இவ்வளவு காலமாக நான் கதவு என்று நினைத்துத் தட்டியதெல்லாம் சுவர், கதவு வேறெங்கோ இருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வாசல் வரைக்கும் தாங்கிக்கொண்டு போய், வெளியே போய்த்தான் உடைந்திருக்கிறாள். எனக்கு எதையும் கொடுக்கக்கூடாது என்று நடித்திருக்கிறாள். கல்லூரியின் மிகப் பெரிய நடிப்பு என் முன்னால்தான் நடந்திருக்கிறது, நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இல்லைம்மா, நீதான் முதல் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அப்படிச் சொன்னாலும் முகம் அசைந்திருக்கும். ஆனால் அது நான் நிறையப் பார்த்த முகம். கொட்டாவியிடமே பார்த்தாயிற்று.

"ஆமாம்மா" என்றேன்.

பிறகு மற்றதையும் சொன்னேன். இதமான குரலில்தான் சொன்னேன். எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள், இதற்கு மேல் உன்னை அலைக்கழிப்பது உனக்கும் உங்க அப்பாவுக்கும் செய்கிற துரோகம், இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறார்கள் என்றேன். பெரியவர் கலங்கிப்போய்விட்டார் என்றுகூடச் சொன்னேன்.

அந்த முகத்தைப் பார்த்தேன். அதைப் பற்றி நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. என் மனைவியிடம்கூட அதை நடித்துக் காட்டியதில்லை. அதை வைத்து எந்த வகுப்பிலும் எந்தக் கோடும் போடவில்லை.

நாற்காலி முதுகில் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு சட்டை கிடந்தது. அவள் அதை எடுத்து மடித்து, அலமாரியில் வைத்தாள். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

வட்டத்தாரிடம் நான் சொன்னது வேறு. அவள் வேண்டாம் என்றுவிட்டாள், அப்பா வேலைக்குப் போகச் சொல்கிறார் என்றேன். பெரியவர் நொந்துபோனார். நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டினார். உங்களுக்கு எதற்கு அலைச்சல், நான் போகிறேன் என்று தடுத்தேன். போகவில்லை. ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். லாரிக்காரர் என்னை உள்ளே விடவே இல்லை, நான் வாசலிலேயே நின்றதைப் பார்த்து லாரிக் குழாயை எடுத்துத் தலை முதல் கால் வரை தண்ணீர் அடித்து விரட்டிவிட்டார் என்று சொன்னேன். நனைந்த கோழி போல நடந்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு யாரும் அங்கே போகவில்லை. அந்த மனிதரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை அம்மா. நல்ல மனிதர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

வேடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. நன்றாகவே செய்தாள். நான்தான் ஒப்பனை.

உடுப்பு அறைக்கு அப்புறமும் சில வருஷம் போய்வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு எல்லோரிடமும் உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன். திருந்திவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வேறு எந்த முகத்தைப் பார்க்கவும் எனக்கு ஆசை இல்லாமல் போயிருந்தது. உங்களிடம் பிரியமாகப் பேசியவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவர்களாக இருப்பார்கள்.

போன மாதம் மூக்குக் கண்ணாடி மாற்றப் போனேன். கடையில் கண்ணாடி பொருத்துகிறவர் ஒரு நடுவயது அம்மாள். தலைமுடியில் நரை. "தபால்காரர் சார்தானே?" என்ற கரகரப்பைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. டேங்கர். ஓடிப்போயிருக்கலாம். ஆனால் அவள் என் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டிருந்தாள், எனக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே குரல் கொடுத்து எனக்கு நாற்காலி வரவழைத்தாள். சக்கரை இருக்கா சார், அம்மா சௌக்கியமா என்று விசாரித்தாள். புதுக் கண்ணாடியை என் காதுக்குப் பின்னால் பொருத்தி வளைத்துப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்களைப் பத்தி எங்க அப்பா சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பார் சார். மத்தவங்கல்லாம் பின்னாடி பேசினாங்க, அந்த ஒரு மனுஷன்தான் முகத்துக்கு நேரா உண்மையச் சொன்னார், இல்லன்னா என் பொண்ணு வாழ்க்கை பூரா அதையே நம்பிக்கிட்டு அலைஞ்சிருக்கும்னு."

"அப்படியா சொன்னார்" என்றேன்.

"ஆமா சார். இப்ப என் பொண்ணு நாடகக் கல்லூரின்னு குதிக்குது. அது வேணாம்டி, நம்ம ரத்தத்துல அது இல்லன்னு சொல்லிட்டேன். சும்மா ஆசை காட்டி வெச்சு அப்புறம் உடைக்கக் கூடாதில்ல? நீங்க சொன்ன மாதிரி."

பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்கே தெரிந்தது. அவள் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, கண்ணாடிச் சட்டம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேரா பாருங்க சார். குனியாதீங்க" என்றாள். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. தன் விரலால் என் தாடையைத் தொட்டு அவளே நிமிர்த்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரிம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஆகவே என் கருத்து. நடிப்புக்கு மார்க் போடலாமா கூடாதா என்பதை உங்களைப் போலப் படித்தவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பெரியவர் பயந்ததும் பொய்யான பயம் இல்லை. ஆனால் ஒரு மாணவரைப் பற்றி ஏதாவது முடிவு செய்தீர்கள் என்றால் அதை எழுதுங்கள். எழுதி, கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் திரும்பி நடந்துவிடுங்கள். காகிதத்திலும் தப்பு இருக்கும். ஆனால் படிக்கிறவரின் முகத்தைக் காகிதம் பார்ப்பதில்லை. அவர் அதை பஸ்ஸில் படிக்கலாம், கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படிக்கலாம், இது நியாயமா என்று நான்கு பேரிடம் காட்டிக் கேட்கலாம். அவருடைய முகம் அவரிடமே இருக்கும். இந்தப் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். என் பெயரில் பலகை மாட்டாதீர்கள். இதுதான் நான் சொல்ல வேண்டியது.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அவளுக்குச் சொல்ல வேண்டும். அவள் மகளுடைய காரியம் அதில் தொங்குகிறது. நீங்கள் இப்போது சொன்ன யோசனை புரிகிறது, நான் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர, நீங்கள் அதை அவளிடம் சேர்ப்பித்துவிடுவது. நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தனுப்புவது மரியாதை இல்லை. நான் செய்தது, நானே வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்பதுதான் முறை. உங்கள் அறைக்கு அவளைக் கூப்பிடுங்கள். நீதான் முதலாவதாக இருந்தாய் என்பதை நானே அவளுக்குச் சொல்கிறேன். கூட்டாமல் குறைக்காமல், மெதுவாகத்தான் சொல்வேன். நீங்கள் வெளியே இருந்தால் அவளுக்குக் கூச்சம் இல்லாமல் இருக்கும். எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டுவையுங்கள் அம்மா, அவளுக்குப் பக்கத்தில் வேண்டாம், எதிரில்.